குறை சொல்லி அறை காட்டியவர்

"இந்த அறைக்குள்ளை வெயில் வராது."

அவர் என்னோடு பேசிய முதல் வசனம் அதுதான். கதவைத் திறந்து பிடித்து, என்னையும் மகளையும் உள்ளே போகவிட்டு, தான் வாசலிலேயே நின்றுகொண்டு சொன்னார். பிறகு மற்றவை வந்தன. ஹீற்றர் காலையில் யாரோ சுத்தியலால் தட்டுவதுபோலச் சத்தம் போடும். பக்கத்து அறை விளம்பரக் கம்பனிக்காரர் வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் பாட்டுப் போடுவார்கள். ஜன்னல் வடிவானதுதான், ஆனால் பழைய கட்டடம் என்பதால் கண்ணாடியை மாற்றக் கவுன்சில் விடாது. மாசி மாதத்தில் இடுக்கால் காற்று வரும்.

"கால் விறைக்கும். சொக்ஸ் ரெண்டு சோடி போட்டுக்கொண்டு வாங்கோ."

மகள் பொறுத்துப் பார்த்தாள். கடைசியில் சிரித்துக்கொண்டு கேட்டாள்: "நல்லது ஏதாவது இருக்கோ, அன்ரி?"

அவர் யோசித்தார். பகிடிக்கு அல்ல, உண்மையாகவே அறையைச் சுற்றிப் பார்த்து யோசித்தார். "பூட்டு நல்லது" என்றார்.

லண்டன் ஆல்ட்கேட் பக்கத்தில் ஒரு காலத்தில் தேயிலைப் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்த பண்டகசாலை அது. செங்கல்லைக் கழுவி, இரும்புத் தூண்களுக்குக் கறுப்பு அடித்து, உள்ளே கண்ணாடித் தடுப்புகள் போட்டு, சின்னச் சின்ன அலுவலகங்களாக வாடகைக்கு விட்டிருந்தார்கள். வெளிச்சுவரில் பெட்டி தூக்கிய கொளுக்கியை அழகுக்காக அப்படியே விட்டிருந்தார்கள். மழை நாளில் பழைய மரத்திலிருந்து தேயிலை மணம் வரும் என்று இணையத்தில் விளம்பரம் சொன்னது. மகள் படிக்கட்டில் நின்று மூச்சை இழுத்து, "மணக்குது அப்பா" என்றாள்.

"அது தேயிலை இல்லை, பிள்ளை. மரத்துக்கு அடிக்கிற எண்ணெய்" என்றார் அவர். "தேயிலை போய் எவ்வளவு காலம்."

மகள் என் காதுக்குள், "ஷீ இஸ் வியர்ட், அப்பா. வேற இடம் பார்ப்பம்" என்றாள். நான் அந்த அறையையே எடுத்துக்கொள்கிறேன் என்றேன்.

என் மனைவி இறந்து அப்போது இரண்டு மாதம்தான். சமையலறையில் விழுந்தாள். தலைக்குள் இரத்தம் கசிந்திருக்கிறது என்றார்கள். ஆஸ்பத்திரியில் கண் திறக்கவில்லை. அதற்குப் பிறகு வீட்டுக்கு வந்த எல்லோரும் நல்லதாகவே சொன்னார்கள். நோகாமல் போய்விட்டாள், கொடுத்துவைத்தவள், காலம் ஆற்றும். நான் தலையாட்டினேன். எந்தச் சொல்லும் உள்ளே போகவில்லை. தலைக்கு மேலே தண்ணீர் நிற்க, கரையில் நிற்பவர்கள் பேசுவதைக் கேட்பதுபோல இருந்தது. இந்த அறையில் வெயில் வராது என்று ஒருவர் சொன்னபோதுதான், பல நாட்களுக்குப் பிறகு ஒரு வசனம் முழுதாகக் காதில் விழுந்தது.

நான் மொழிபெயர்ப்பாளன். அகதி விண்ணப்பம் செய்பவர்கள் தமிழில் சொல்வதை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுப்பது என் வேலை. இல்ஃபோர்டில் எங்கள் வீட்டு முன்னறைதான் இருபது வருடத்துக்கும் மேலாக என் அலுவலகம். வருபவர்கள் சோபாவில் இருந்து, தங்களுக்கு நடந்ததைச் சொல்வார்கள். மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவாள். அவள் இறந்தபின், அடுப்படியில் கேத்தல் கொதிக்கும் சத்தம் வராத வீட்டில் எனக்கு ஒரு வரிகூட ஓடவில்லை. வெளியில் ஓர் அறை எடுக்கலாம் என்று சொன்னது மகள். அம்மாவின் ஐபேட்டைத் திறந்து தேடினாளாம். தேடத் தொடங்கியதுமே முதலில் வந்து நின்றது இந்தக் கட்டடம்தானாம்.

அறை காட்டியவருக்கு ஐம்பது வயது இருக்கும். எங்கள் ஊர்ப் பக்கத்தவர். மை பூசாத தலை, கருநீலக் கோட்டு, கோட்டுப் பையில் ஒரு சின்ன டோர்ச். கட்டடத்துக்கு அவர்தான் பொறுப்பு. அறை காட்டுவது, சாவி அட்டை கொடுப்பது, லிஃப்ட் நின்றால் ஆளைக் கூப்பிடுவது எல்லாம் அவர். மற்றவர்கள் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். நான் 'தங்கச்சி' என்றேன். பேரை இங்கே எழுதவில்லை. எழுதட்டுமா என்று கேட்க இப்போது ஆள் இங்கே இல்லை.

நடக்கும்போது அவர் ஆட்களின் முகத்தைப் பார்ப்பது குறைவு. மேலே கூரையைத்தான் பார்ப்பார். எங்காவது ஈரக்கறை தெரிந்தால் ஏணி கொண்டுவந்து ஏறி, கறையைச் சுற்றிப் பென்சிலால் மெல்லக் கோடு கீறிவிடுவார். அடுத்த மழைக்குப் பிறகு வந்து, கறை கோட்டைத் தாண்டியிருக்கிறதா என்று டோர்ச் அடித்துப் பார்ப்பார். கட்டடம் முழுக்க இப்படிக் கோடுகள் இருந்தன. கட்டடத்தின் சொந்தக்காரக் கம்பனியிலிருந்து வந்த ஒரு பெடியன், அழித்துவிடுங்கள், பார்க்க வருகிறவர்களின் கண்ணில் படும் என்றானாம். "படத்தானே கீறினது" என்றாராம் இவர்.

அவர் குறை சொல்வதை வெள்ளைக்காரர்கள் நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டார்கள். நான் வருவதற்கு முந்திய வருடம் விளம்பரக் கம்பனியில் ஒரு பெண் தன் பிறந்தநாளுக்குத் தானே கேக் செய்து எல்லோருக்கும் கொடுத்தாளாம். எப்படி என்று கேட்டாள். "சீனி கூட. நடுவுக்குள்ளை வேகேல்லை" என்று ஆங்கிலத்தில் சொன்னார் இவர். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அடுத்த வருடம் இவருக்கென்று சீனி குறைத்துச் செய்தாள். அதையும் சாப்பிட்டுவிட்டு, இப்போது உருசி இல்லை என்றார்.

எங்களுடைய ஆட்கள் அப்படிச் சிரிக்கவில்லை. தென்லண்டன் மிட்சம் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார், ஊருக்குப் பொதி அனுப்பும் வியாபாரம். தங்கச் சங்கிலி, நெற்றியில் சந்தனம். கீழ்மாடி அறையை நன்றாகப் பிடித்துப்போயிற்று. கையெழுத்து வைக்கும் நேரத்தில், "ராசியான இடந்தானே, தங்கச்சி?" என்று கேட்டார். சும்மா ஒரு வார்த்தைக்குக் கேட்டதுதான். ஓம் என்று சொல்லியிருந்தால் போதும்.

"இதிலை முதல் இருந்தவை எல்லாரும் பிஸ்னஸை மூடிப்போட்டுத்தான் போனவை, அண்ணை" என்றார்.

அந்த மனிதர் பேனையை மேசையில் வைத்துவிட்டு எழுந்துவிட்டார். போகிற வழியில் என் கதவடியில் நின்று, "உந்த மனுசிக்கு விசரோ? தன்ரை கடைக்குத் தானே கல்லெறியுது" என்றார்.

பின்னர் நான் அவரிடமே கேட்டேன், ஏன் இப்படி என்று. பொது அடுப்படியில் நின்றபடி சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இருந்து சாப்பிட்டு நான் கண்டதில்லை.

"எனக்குக் கலியாணம் பேசேக்கை எல்லாரும் நல்லதைத்தான் சொன்னவை" என்றார். பெட்டியை மூடிக் கழுவப் போய்விட்டார். அதற்கு மேல் அந்தக் கதையை அவர் சொல்லவுமில்லை, நான் கேட்கவுமில்லை.

என் மனைவி இல்லை என்பது அவருக்கு ஆனி மாதம் அளவில்தான் தெரிய வந்தது. லிஃப்டுக்குக் காத்து நிற்கும்போது, வீட்டில் யார் யார் என்று கேட்டார். சொன்னேன்.

"எப்ப மோசம் போனவ?"

"பங்குனியிலை."

அவர் மனதுக்குள் கணக்குப் பார்ப்பது தெரிந்தது. "அப்ப உங்களுக்கு இன்னும் தொடங்கேல்லை" என்றார்.

லிஃப்ட் வந்தது. இருவரும் ஏறினோம். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. அவர் சொன்னது சரி என்று மட்டும் பட்டது. என்னவோ ஒன்று தொடங்காமல்தான் இருந்தது. நான் வேலைக்கு வந்தேன், எலிசபெத் லைன் ரயிலில் இருக்கை கிடைத்தால் இருந்தேன், கிடைக்காவிட்டால் நின்றேன். சாப்பாடு சாப்பாடாக இருந்தது. இரவில் நித்திரையும் வந்தது. நித்திரை வருகிறதா என்று கேட்டவர்களிடம், வருகிறது என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

அந்த அறையில் என் வேலை மட்டும் மெல்ல ஓடத் தொடங்கியது. வருகிறவர்களுக்குத் தேநீர் நானே போட்டேன். அவர்கள் அழுதார்கள். நான் எழுதினேன். ஒருநாள் ஒரு இளம் பெண் தன் தமையனுக்கு நடந்ததைச் சொல்லி முடித்து, கீழே போகும் வழி தெரியாமல் படிக்கட்டில் நின்றிருக்கிறாள். இவர்தான் கூட்டிக்கொண்டு போய் வெளிக்கதவில் விட்டிருக்கிறார். திரும்பி வந்து என்னிடம், "உங்களிட்டை வாற ஆக்கள் போகேக்கை, படியிலை கொஞ்ச நேரம் நிண்டுதான் போகினம்" என்றார். அங்கே ஒரு கதிரை போடலாமா என்று கேட்டேன். "தீப் பாதுகாப்பு விதிக்குச் சரிவராது" என்றார். இரண்டு நாள் கழித்து, கீழே வரவேற்பு மேசைக்குப் பின்னால், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத மூலையில் ஒரு கதிரை இருந்தது.

இலை கொட்டும் காலத்தில் ஹீற்றர் நின்றுபோயிற்று. பார்க்க வந்தார். குந்தியிருந்து குழாயைத் தொட்டுப் பார்த்துவிட்டு எழுந்தவர், மேசையைப் பார்த்தபடி அப்படியே நின்றார். மேசையில் மனைவியின் படம் இருந்தது. மகள் பட்டம் வாங்கிய அன்று எடுத்தது. நீலச் சேலை. அதற்கு முதல் நாள்தான் மகள் சட்டம் போட்டுத் தந்திருந்தாள்.

"இவவை எனக்குத் தெரியும்" என்றார்.

"என்ரை மனுசி."

"ஓம், அது விளங்குது. இவ இஞ்சை வந்தவ. அறை பாக்க."

எனக்காகப் பார்க்க வந்திருப்பாள் என்றுதான் முதலில் நினைத்தேன். வீட்டில் இடம் போதவில்லை என்று நான் எப்போதாவது முணுமுணுத்திருப்பேன். "எனக்கோ பாத்தவ?" என்று கேட்டேன்.

"இல்லை, அண்ணை. தனக்கு."

"அவவுக்கு என்னத்துக்கு அறை?"

"நானும் அதைத்தான் கேட்டனான். என்ன பிஸ்னஸ் எண்டு. பிஸ்னஸ் ஒண்டும் இல்லை, சும்மா இருக்க எண்டு சொன்னவ."

"சும்மா இருக்கவோ?"

வேறு யாராக இருந்தாலும் இந்த இடத்தில் நிறுத்தியிருப்பார்கள். எனக்குச் சரியாக ஞாபகமில்லை, வேறு ஆராவாகவும் இருக்கலாம் என்று சொல்லி ஹீற்றருக்குத் திரும்பியிருப்பார்கள். அவர் டோர்ச்சை அணைத்துப் பைக்குள் வைத்தார்.

"'எங்கடை வீட்டிலை எந்த நேரமும் ஆரோ ஒரு ஆள் இருந்து அழுதுகொண்டிருக்கும். ஒருத்தரும் அழாத ஒரு அறை இருந்தா நல்லம்' எண்டு சொன்னவ. கிழமையிலை ரெண்டு நாள் எண்டாலும் காணுமாம்."

நான் படத்தைக் கையில் எடுத்தேன்.

"நான் வேண்டாம் எண்டு சொன்னனான்" என்றார் அவர். "மேல் மாடி. சின்ன அறை. லிஃப்ட் அதுவரைக்கும் போகாது. சும்மா இருக்கிறதுக்கு ஏன் இஞ்சை வாறியள், லைப்ரரிக்குப் போங்கோவன் எண்டனான். சிரிச்சுப்போட்டு, தாங்ஸ் சொல்லிப்போட்டுப் போனவ. பேந்து வரேல்லை."

"எப்ப இது?"

"போன வருசம். குளிர் தொடங்கின நேரம்."

ஐபேட்டில் இந்தக் கட்டடம் ஏன் முதலில் வந்தது என்று அப்போது எனக்கு விளங்கியது. ஹீற்றருக்கு ஆள் நாளைக்கு வரும் என்று சொல்லிவிட்டு அவர் போனார். நான் அன்றைக்கு முடிக்க வேண்டிய பக்கத்தை முடித்தேன். பிழை இல்லாமல்தான் முடித்தேன்.

அன்று பின்னேரம் வீட்டுக்குப் போய், முன்னறையில் வானொலியைப் போட்டேன். ஒரு மனிதர் பேசுகிற அளவுக்குச் சத்தம் வைத்தேன். கதவைச் சாத்திவிட்டுச் சமையலறைக்குப் போய், அவள் வெங்காயம் உரிக்க இருக்கும் கதிரையில் இருந்தேன். வானொலியில் ஒருவர் காலநிலை சொல்லிக்கொண்டிருந்தார். ஸ்கொட்லாந்தின் வடக்கில் காற்று என்றார். ஒரு சொல் விடாமல் கேட்டது.

எழுதியதை உரக்க வாசித்துப் பார்ப்பது என் பழக்கம். கண் விட்ட பிழையைக் காது பிடிக்கும். அப்படியென்றால், வந்தவர்கள் தமிழில் ஒருதரம், அவர்கள் போனபின் நான் ஆங்கிலத்தில் ஒருதரம். அவள் எல்லாவற்றையும் இரண்டுதரம் கேட்டிருக்கிறாள். கேட்டுக்கொண்டே சமைத்திருக்கிறாள். தேநீரும் கொண்டுவந்து வைத்திருக்கிறாள்.

நான் வானொலியை நிறுத்தினேன். அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். பசித்தது. பாண் வாட்டிச் சாப்பிட்டேன்.

அதன்பின் சில கிழமைகள் நான் அவரைத் தவிர்த்தேன். படிக்கட்டால் ஏறினேன். அவர் பொது அடுப்படியில் நின்றால் தண்ணீர் எடுக்கப் போகவில்லை. அவர் மேல் கோபமா, எனக்கே தெரியவில்லை. ஒருநாள் நானே கீழே போய், "தங்கச்சி, அந்த அறையைக் காட்டுங்கோ" என்றேன். எந்த அறை என்று அவர் கேட்கவில்லை.

லிஃப்ட் மூன்றாம் மாடியோடு நின்றது. அதற்குமேல் ஒடுங்கிய மரப்படி. கதவைத் திறந்தார். வழக்கம்போல வாசலில் நின்றுகொண்டார். பழுதான கதிரைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருந்தார்கள். கூரையின் சரிவில் ஒரு கண்ணாடி. கார்த்திகை மாதம், லண்டனில் எங்கும் வெளிச்சமில்லாத காலம். அந்தக் கண்ணாடியால் வெயில் இறங்கி, பலகைத் தரையில் ஒரு பாய் அளவுக்குக் கிடந்தது. சத்தம் என்று ஒன்றும் இல்லை. தெருகூடக் கேட்கவில்லை.

அவர் அந்த வெயிலைப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"குறை எல்லாம் சொன்னனான். வெயில் வாறதைச் சொல்லேல்லை."

"நீங்கள் ஒண்டும் பொய் சொல்லேல்லையே" என்றேன்.

"இல்லை. ஆனா சொல்லேல்லை." கைவிரலால் கதவின் நிலையைத் தடவினார். "அவ பாத்தவதான். இதிலை வந்து நிண்டவ. நான் லிஃப்டைப் பற்றிக் கதைச்சுக்கொண்டு நிண்டனான். குடுத்திருக்கலாம், அண்ணை. நீங்கள் என்னை ஏசினா நல்லம்."

நான் ஏசவில்லை. மேலிருந்த கதிரை ஒன்றை இறக்கி வெயிலில் வைத்தேன். ஒரு கால் ஆடியது. கொஞ்ச நேரம் இருந்தேன். அவர் உள்ளே வரவில்லை, போகவும் இல்லை.

அதற்குப் பிறகு அவர் அறை காட்டுவதில் ஒரு மாற்றம் வந்தது. என் கதவைத் தாண்டி ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகும்போது கேட்கும். குறைகளைச் சொல்லி முடித்துவிட்டு, ஒரு கணம் நிறுத்தி, பழக்கமில்லாத ஒரு பாஷையைப் பேசுவதுபோலத் தடுமாறி, "ஆனால் காலையில் வெளிச்சம் பரவாயில்லை" என்றோ, "ஆனால் இந்தப் பக்கம் சனம் நல்லவர்கள்" என்றோ சொல்வார். ஒரு நாள் என்னிடம் வந்து, உங்கள் அறைக்கு என்ன நல்லது இருக்கிறது என்று கேட்டார். பூட்டு என்றேன். அவர் சிரிக்கவில்லை. "அது எனக்குத் தெரியும். வேறை?" என்றார்.

தை மாதத்தில் பெரிய கம்பனி ஒன்று மூன்றாம் மாடி முழுவதையும் எடுக்க வந்தது. கட்டடச் சொந்தக்காரரும் வந்திருந்தார்கள். கூரையைப் பற்றி ஒன்றும் பேச வேண்டாம் என்று முதலே இவரிடம் சொல்லியிருந்தார்கள். பென்சில் கோடுகளுக்கு மேல் வெள்ளையும் அடித்தாயிற்று. எல்லாம் நல்லபடி நடந்தது. போகிற நேரம் வந்தவர்களில் ஒரு பெண், மழைக்கு ஒழுகுமா என்று கேட்டாள். சொந்தக்காரர் வாய் திறக்க முன், "ஒழுகும். வடக்கு மூலையில். என்ன செய்தும் நிற்கவில்லை" என்றார் இவர். பிறகு, தன் புதிய வழக்கப்படி, "ஆனால் மழை நின்றபின் அந்த ஜன்னலால் பார்க்க வடிவு" என்றாராம். இதை விளம்பரக் கம்பனிப் பெண் எனக்குச் சொன்னாள். இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை.

மாத முடிவோடு வேலை போயிற்று. பிரியாவிடை ஒன்றும் வேண்டாம் என்றுவிட்டார். டோர்ச்சைக்கூட மேசையில் வைத்துவிட்டு வந்தார். அது கட்டடத்தின் டோர்ச்சாம். என் அறைக்கு வந்து முதல்முறையாகக் கதிரையில் இருந்தார்.

"பொய் சொல்லச் சொல்லேல்லை, அண்ணை. சொல்லாம இருக்கச் சொன்னவை. ரெண்டும் வேறை எண்டினம்."

"இனி என்ன செய்யப் போறியள்?"

"தெரியாது. எனக்கு உதுதான் தெரியும், கதவைத் திறந்து விடுறது."

பங்குனியில் மனைவியின் ஆண்டுத் திவசம் வந்தது. வீட்டில்தான் செய்தோம். நான் அவரையும் அழைத்தேன். வருவார் என்று நினைக்கவில்லை. அதே கருநீலக் கோட்டோடு, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார். ஐயர் போனபின் முன்னறையில் எல்லோரும் தட்டோடு இருந்தோம். மனைவியின் தமையனுடைய பெண்சாதி எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்:

"எங்கடை மச்சாளைப்போல ஆர் இருக்கினம்? முகம் கோணமாட்டா. ஒரு குறை இல்லாம வாழ்ந்து போய்ச் சேந்தவ."

ஆட்கள் ஓம் ஓம் என்றார்கள். அறை காட்டியவரைப் பார்த்தேன். சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டு, சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். ஈரக்கறை தேடும் அந்தக் கண் அன்று நிமிரவே இல்லை. சொல்லாமல் இருக்க அவர் எவ்வளவு பாடுபடுகிறார் என்பது அவருடைய கழுத்தில் தெரிந்தது.

"அவவுக்குக் குறை இருந்தது" என்றேன்.

"என்ன சொல்லுறியள், அண்ணை?" என்றாள் அவள்.

"இந்த வீட்டுச் சத்தம் அவவுக்கு ஏலாமப் போச்சு. தனியா இருக்க ஒரு அறை தேடித் திரிஞ்சவ. எனக்குச் சொல்லேல்லை."

ஒருவரும் யாரையும் பார்க்கவில்லை. தமையன் பெண்சாதி என் தோளைத் தொட்டு, "மனம் சரியில்லை உங்களுக்கு. பாயாசம் போடட்டோ?" என்றாள். அப்போதுதான் அவர் தலையை நிமிர்த்தினார்.

"நான்தான் காட்டினனான்" என்றார். "நல்ல அறை."

அவ்வளவுதான். மீதிச் சோற்றைச் சாப்பிட்டார். தட்டைக் கழுவி வைத்தார். கதவடியில் சப்பாத்து மாட்டும்போது, "பருப்புக்கு உப்புக் காணாது, அண்ணை. பாயாசம் நல்லாயிருந்தது" என்றார். பஸ் தரிப்பு வரைக்கும் போக நான் கோட்டை எடுத்தேன். வேண்டாம், வீட்டிலை சனம் இருக்குது என்றார். அதன்பின் நான் அவரைக் காணவில்லை. தம்பியிடம் கனடாவுக்குப் போய்விட்டதாக விளம்பரக் கம்பனிப் பெண் பிறகு சொன்னாள். அங்கும் யாருக்காவது அறை காட்டுகிறாரோ தெரியாது.

அன்று எல்லோரும் போனபின் மகளும் நானும் அடுப்படியில் நின்றோம். அவள் தட்டுக் கழுவினாள், நான் துடைத்தேன். தண்ணீரை நிறுத்தாமலே கேட்டாள்:

"அப்பா, அம்மாவுக்கு ஏலாமப் போன சத்தம் எது?"

"முன்னறைச் சத்தம். வாற ஆக்கள் அழுறது. நான் வாசிக்கிறது."

அவள் கொஞ்ச நேரம் ஒரு தட்டையே தேய்த்துக்கொண்டிருந்தாள். "எனக்கும் கேட்டதுதானே" என்றாள்.

அவளுடைய அறை முன்னறைக்கு நேர் மேலே. பள்ளிக்கூடத்தால் வந்து, அங்கேதான் கதவைச் சாத்திக்கொண்டு படிப்பாள். நல்ல பிள்ளை, குழப்படி இல்லாத பிள்ளை என்று வருகிறவர்கள் எல்லோரும் சொல்வார்கள்.

"என்ன கேட்டது?" என்றேன்.

"எல்லாம், அப்பா."

கழுவிய தட்டை நீட்டினாள். நான் வாங்கினேன். இன்னும் தொடங்கவில்லை என்று அவர் சொன்னது அப்போதுதான் தொடங்கியது. தட்டு நிலத்தில் விழுந்தது. உடையவில்லை. அவள் தண்ணீரை நிறுத்திவிட்டு, ஈரக் கையோடு என்னைப் பிடித்துக்கொண்டாள்.